நடுவில் விட்ட இடம்

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் ஜோவலின்.

கல்யாண வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டிருந்த மரிஃபே, திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் மூக்கு பெருசா தெரியுதா?"

"மூக்கு இல்ல. இந்த டைரக்டர் உங்க ரெண்டு பேரையும் ஒரு ஷாட்லகூட சேர்த்து வைக்கல."

"எந்த டைரக்டர்?"

"ருவெல்."

"பேக்கரிக்குப் பக்கத்துல கடை வெச்சிருக்கானே, அந்த ருவெலா? அவன் எப்படி டைரக்டர் ஆனான்?"

லிப்பா ஊரில் யாரும் ருவெலை டைரக்டர் என்று சொன்னதில்லை. கல்யாணம், ஞானஸ்நானம், சவ அடக்கம் எதுவானாலும் தோளில் கேமராவுடன் வருவான். எடுப்பான். ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவ்வளவுதான். ஜோவலினும் போன கோடைவரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. அத்தை வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே அவள் அறை. சனிக்கிழமை மதியங்களில் அந்த அறையில் இருந்தால் ரொட்டி வெந்துவிடும். நூலகத்தில் ஏசி உண்டு. அதற்காகப் போனவள், அங்கே நடந்த சினிமா ரசனை வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் நிம்மதி போயிற்று.

கேமரா எங்கே நிற்கிறதோ அதுதான் டைரக்டரின் மனசு. கீழே இருந்து மேலே பார்த்து எடுத்தால் அந்த ஆள் அதிகாரம் உள்ளவர். மேலே இருந்து கீழே பார்த்தால் பலவீனமானவர். இரண்டு பேரை ஒட்டி நிற்கவைத்தால் அன்பு. நடுவில் இடம் விட்டால் விரிசல். சும்மா வைத்த ஷாட் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. நுண்ணோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் வைத்துப் பழகிய ஜோவலினுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஜீப்னி வண்டியில் போகும்போது கண்ணாடியில் ஓட்டுநரின் கண் மட்டும் தெரிந்தால், 'க்ளோசப். இவர் எதையோ மறைக்கிறார்' என்று நினைத்துக்கொள்வாள்.

மரிஃபே வீடியோவை நிறுத்தினாள். "சரி, விளக்கமா சொல்லு."

"இது சர்ச். நீங்க வலது ஓரம். டொண்டொன் அண்ணா இடது ஓரம். நடுவுல எவ்வளவு இடம் பாருங்க."

"ம்."

"இது கேக் வெட்டறது. மறுபடியும் ஆளுக்கொரு ஓரம். நடுவுல காலி. இது புறா விடறது. அதேதான்."

மரிஃபே முன்னால் குனிந்தாள். "நாங்க கொஞ்சம் மங்கலா வேற இருக்கோமே?"

ஜோவலின் தயங்கினாள். "மங்கலா எடுத்தா... எதிர்காலம் சரியா தெரியலன்னு அர்த்தம்."

அப்போது சமையலறையிலிருந்து பாச்சிங் அத்தை, மரிஃபேயின் அம்மா, சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கல்யாண விருந்தில் ஞானத்தகப்பன் ஒருவர் அவளுடைய மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு டிவி என்பது வெளிச்சமாக ஒரு சதுரம், அவ்வளவுதான். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை.

"அந்தப் படத்துல எத்தனை பேருடி இருக்கீங்க?"

"ரெண்டு பேர்தான் அத்தை" என்றாள் ஜோவலின்.

"அப்ப சரி. மூணு பேரா நின்னா நடுவுல நிக்கறவங்க முதல்ல போயிடுவாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

ஊரில் பலரும் நம்புகிற விஷயம்தான். ஆனால் பாச்சிங் அத்தை அதைச் சட்டமாகவே வைத்திருந்தாள். அந்த வீட்டுச் சுவர்களில் மூன்று பேர் உள்ள புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது மூன்று பேராகக் கேமரா முன்னால் நின்றால் போதும், "ஜோவலின்! ஓடி வா, நாலாவதா நில்லு!" என்று குரல் வரும். ஜோவலின் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஓரத்தில் நிற்பாள். படத்தில் அவளுடைய பாதி முகம்தான் விழும். அந்தப் பாதி முகம் எத்தனையோ மாமாக்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மற்ற நேரங்களில் எல்லாருடைய கைப்பையும் அவளிடம்தான் இருக்கும்.

டொண்டொன் சூடான பான் டே சால் ரொட்டிப் பொட்டலத்துடன் உள்ளே வந்தான். கப்பல்காரன். வருகிற வியாழக்கிழமை கப்பலேறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் திரும்புவான். அதனாலேயே மாமியார் வீட்டில் அவனுக்கு ராஜ உபசாரம்.

"மனசுல என்ன தூரம் உங்களுக்கு?" என்றாள் மரிஃபே.

"பேக்கரியா? பக்கம்தானே."

"பேச்சை மாத்தாதீங்க. படத்துல தெரியுது. ஏன் என்னை விட்டுத் தள்ளியே நிக்கறீங்க?"

டொண்டொன் திரையைப் பார்த்தான். "அந்தச் சட்டை உடம்பெல்லாம் அரிச்சுது. அதுல நீ வேற குடை மாதிரி கவுன் போட்டிருந்தே. எப்படி ஒட்டி நிக்கறது?"

மரிஃபேயின் உதடு துடித்தது. ஜோவலினுக்குப் பயம் வந்துவிட்டது. தான் கிளப்பியதைத் தானே அடக்க வேண்டும் என்று அவசரமாக வீடியோவை ஓட்டினாள். "அக்கா, இங்க பாருங்க. அண்ணா முகத்துல எவ்வளவு ஆசை, எவ்வளவு ஏக்கம்!"

உண்மைதான். டொண்டொனின் முகம் உருகிக்கொண்டிருந்தது.

"இவர் இந்தப் பக்கம் பார்க்கறார். நான் அந்தப் பக்கம்ல இருக்கேன்?" என்றாள் மரிஃபே.

ஜோவலின் யோசிக்காமல் வகுப்பில் படித்ததை ஒப்பித்தாள். "அப்படின்னா படத்துக்கு வெளியில இருக்கற ஒண்ணைப் பார்க்கறார்னு அர்த்தம்."

"வெளியில யாரு?"

"யாரும் இல்ல!" என்றான் டொண்டொன். "அங்க பன்றி இருந்துது. அப்பத்தான் முழுசா வாட்டி, மேசையில கொண்டுவந்து வெச்சாங்க. காலையிலேர்ந்து பட்டினி எனக்கு."

"கல்யாணத்தன்னிக்கு என்னைப் பார்க்காம பன்றியைப் பார்த்தீங்க."

"தோல் மொறுமொறுன்னு இருந்துதுடி!"

"என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?"

இதற்குச் சரியான பதில் இருந்தது. டொண்டொன் சொன்னது அது இல்லை. அவன், "நீ வேற, பன்றி வேற" என்றான்.

ஜோவலின் இருவருக்கும் நடுவில் புகுந்தாள். "அக்கா, அண்ணா ஒண்ணும் தெரியாத குழந்தை. டைரக்டரே அப்படித்தான் காட்டியிருக்கார். புறா விடற ஷாட்டைப் பாருங்க, மேலேர்ந்து எடுத்திருக்கார். பாவம்னு தோணுது இல்ல?"

"ஏன் பாவம்?" என்றான் டொண்டொன்.

"மேலேர்ந்து எடுத்தா அப்படித்தான் அண்ணா. ஆளு சின்னவரா, பலவீனமா..."

"யாரு பலவீனம்?"

"படத்துல மட்டும்."

டொண்டொன் ரிமோட்டை வாங்கிக்கொண்டான். கேக் வெட்டும் இடத்துக்குப் போனான். அங்கே மரிஃபே கத்தியுடன் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"இவளை எங்கேர்ந்து எடுத்திருக்கான்?"

ஜோவலின் மேசைத் துணியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"சொல்லு, ஜோவலின். கீழேர்ந்துதானே? கீழேர்ந்து எடுத்தா என்ன அர்த்தம்?"

"...அதிகாரம்."

"ஆக மொத்தம், நான் இவ காலடியில கிடக்கறேன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டியாச்சு. என் கப்பல் நண்பர்கள் எல்லாருக்கும் நானே அனுப்பியிருக்கேன்!"

"உண்மையைத்தானே எடுத்திருக்கான்!" என்றாள் மரிஃபே.

டொண்டொன் தன் தலையணையை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனான். ரொட்டிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனதுதான் பாச்சிங் அத்தையை அதிகம் வருத்தியது.

மறுநாளும் அவன் வரவில்லை. மரிஃபே அவனுடைய பெட்டியில் சட்டைகளை அடுக்குவதும், எடுத்து வெளியே வைப்பதுமாக இருந்தாள். "போகட்டும். பேசாமலே போகட்டும். ஒன்பது மாசம்தானே" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஜோவலினுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சண்டையோடு கடலுக்குப் போகிறவனைக் கூப்பிட்டுச் சமாதானம் செய்ய முடியாது. நடுக்கடலில் போன் எப்போது எடுக்கும் என்பது அவனுக்கே தெரியாது. இவ்வளவும் தன் ஒரு வார்த்தையால்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் ருவெலின் கடைக்குப் போனாள்.

அவளைப் பார்த்ததும் ருவெல் எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அதை நிமிர்த்தினான். பிறகு உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். ஜோவலினும் நின்றாள். இரண்டு பேருமே பேச்சைத் தொடங்கத் தெரியாதவர்கள். சுவர் மின்விசிறி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"காபி?" என்றான் ருவெல் கடைசியில்.

ஊற்றும்போது கொஞ்சம் தட்டில் சிந்தியது. கேமராவைப் பிடித்தால் அணுவளவும் அசையாத கை. 'இன்றைக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது' என்று ஜோவலின் நினைத்துக்கொண்டாள்.

"மரிஃபே அக்கா வீடியோ பார்த்தேன்" என்றாள்.

ருவெல் கோப்பையை வைத்தான். "பார்த்தீங்களா?"

"பார்த்தேன். புரிஞ்சுது."

அவன் காது சிவந்தது. "என்ன புரிஞ்சுது?"

"நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு. ஒவ்வொரு ஷாட்லயும் சொல்லியிருக்கீங்க."

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"முதல்ல எனக்குத்தான் புரிஞ்சுது. அப்புறம் நான் எல்லாருக்கும் சொன்னேன்."

"எல்லாருக்குமா!" ருவெல் மெதுவாக உட்கார்ந்தான். "அத்தை என்ன சொன்னாங்க?"

"அத்தைக்குக் கண்ணாடி இல்ல. ஆனா அக்கா அழறாங்க. அண்ணா தலையணையோட வீட்டை விட்டே போயிட்டார்."

ருவெலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவங்க ஏன் அழணும்?"

"அழாம? கல்யாண வீடியோவுல போய் இப்படியா சொல்லுவாங்க? விரிசல், தூரம், தனிமை!"

"தூரம்..." என்றான் ருவெல். "ஆமா, அது இருக்கு. ஆனா எடுக்கறப்ப எனக்குச் சோகமா இல்ல. சந்தோஷமாத்தான் இருந்தேன்."

அடுத்தவர் விரிசலைப் படமெடுத்துச் சந்தோஷப்பட்ட மனிதனை ஜோவலின் முதல் முறையாகப் பார்த்தாள். பெரிய கலைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று வகுப்பிலும் சொன்னார்கள்.

"ஒரு உதவி செய்யணும்" என்றாள். "நடுவுல இருக்கற இடத்தை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பேரையும் பக்கத்துல ஒட்டிடுங்க."

"நடுவை வெட்டறதா?" ருவெலின் முகம் வெளிறியது. "வேற எதை வேணும்னாலும் வெட்டறேன். சாமியார் பிரசங்கத்தை வெட்டறேன். நடுவை வெட்ட முடியாது."

"ஏன்?"

"அதை வெட்டினா அந்தப் படத்துல எனக்கு ஒண்ணுமே இல்ல."

ஜோவலினுக்கு எரிச்சல் வந்தது. அதே சமயம் மதிப்பும் வந்தது. ஊர்க் கல்யாணத்தை எடுக்கும் ஒருவனுக்கு எவ்வளவு பிடிவாதம்! "அப்ப நீங்களே நாளைக்கு வந்து அவங்ககிட்ட சொல்லுங்க. கேமரா ஸ்டாண்டு கால் உடைஞ்சுபோச்சு, தெரியாம அப்படி விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க. வியாழக்கிழமை அண்ணாவுக்குக் கப்பல். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"அப்ப வர்றேன்" என்றான் ருவெல்.

புதன்கிழமை மாலை, இஸ்திரி போட்ட சட்டையுடன் ருவெல் வந்தான். டொண்டொனை அவன் அம்மா கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனாள். தலையணை இன்னும் அவன் கக்கத்தில்தான் இருந்தது. மரிஃபே சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். டொண்டொன் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். நடுவில் தலையணை. 'வீடியோவில் இருந்த அதே ஷாட்' என்று நினைத்த ஜோவலின், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ருவெல் ஜோவலினைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தான். "கேமரா கால் உடைஞ்சுபோச்சு. அதனாலதான் அப்படி விழுந்துடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

டொண்டொன் மரிஃபேயைப் பார்த்தான். "நான் சொன்னேன்ல? சும்மா இயந்திரக் கோளாறு."

"நிஜமாவா?" மரிஃபேயின் குரல் இளகியது. அவள் கை தலையணையை நோக்கி நகர்ந்தது.

அத்துடன் விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் டொண்டொன் சந்தோஷத்தில் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டான். "பாவம், கேமராவைப் பிடிக்கத் தெரியாதவன். இவனைப் போய் டைரக்டர்னு..."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணா!" என்றாள் ஜோவலின்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவளுமே கேட்டதில்லை.

"கால் உடைஞ்சா படம் ஆடும். இது எங்கயாவது ஆடுதா? சர்ச்ல, கேக்கிட்ட, புறாகிட்ட, எல்லாத்துலயும் நடுவுல அதே அளவு இடம். இது தற்செயலே இல்ல. ஒவ்வொரு ஷாட்டையும் அவ்வளவு யோசிச்சு, அவ்வளவு மனசு வெச்சு எடுத்திருக்கார். இவருக்கு இணையா எடுக்கற ஆள் இந்த ஊர்லயே கிடையாது!"

ருவெல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப, யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான்" என்றாள் மரிஃபே. தலையணையை நோக்கிப் போன கை திரும்பிவிட்டது.

"வேணும்னேதான் என்னைச் சின்னவனாக் காட்டியிருக்கான்" என்றான் டொண்டொன். தலையணையை இழுத்துக்கொண்டு எழுந்தான். "நான் பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பறேன். காலையில அப்படியே கப்பலுக்குப் போயிடறேன்."

"போங்க! போற வழியில பன்றியையும் கூட்டிட்டுப் போங்க!"

ஜோவலினுக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில்தான் பாச்சிங் அத்தை வாசலில் செருப்பைக் கழற்றினாள். மூக்கில் புதுக் கண்ணாடி பளபளத்தது. "கடைக்காரன் போட்டுவிட்டதும் தெருவெல்லாம் தெரியுதுடி! ஒவ்வொரு இலையும் தனித்தனியா தெரியுது! எங்கே, என் பொண்ணு கல்யாணத்தை இப்பவாவது காட்டுங்க."

யார் முகத்தையும் அவள் கவனிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து, டிவிக்கு ஒரு முழம் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சர்ச் வந்தது. கேக் வந்தது. புறா வந்தது. அத்தையின் உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. திடீரென்று அலறினாள்.

"மூணு!"

"என்ன அத்தை?"

"மூணு பேரு! சர்ச்ல மூணு. கேக்கிட்ட மூணு. புறாகிட்ட மூணு! ரெண்டுதான் ரெண்டுதான்னு என்னை இத்தனை நாளா ஏமாத்தினியேடி, ஜோவலின்!"

"ரெண்டுதான் அத்தை. நடுவுல காலி இடம்தான்..."

"இதுவா காலி?" அத்தை படத்தைச் சர்ச்சுக்குத் திருப்பி நிறுத்தி, விரலைத் திரையின் நடுவில் வைத்தாள்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இத்தனை முறை பார்த்தும் மரிஃபே பார்த்தது மரிஃபேயை. டொண்டொன் பார்த்தது டொண்டொனை. ஜோவலின் பார்த்தது அவர்கள் இருவரையும்.

சர்ச்சில், மங்கலான மணமக்களுக்கு நடுவே, பின்வரிசையில், மடி நிறைய கைப்பைகளுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அத்தை ரிமோட்டை அழுத்தி அடுத்த ஷாட்டுக்குப் போனாள். கேக்குக்குப் பின்னால், சரியவிருந்த பூ வளைவைத் தாங்கிப் பிடித்தபடி அதே பெண் ஒரு நாற்காலியின் மேல் நின்றாள். அவ்வளவு உயரத்தைப் பிடிக்க, கேமரா கீழே இருந்துதான் பார்த்தாக வேண்டும். புறாக் கூண்டுக்குப் பக்கத்தில், சிதறிய பைகளைப் பொறுக்க அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கேமரா படியேறி, மேலே இருந்து பார்த்தது. ஒவ்வொரு படத்திலும் அவள் முகம் முழுசாக இருந்தது. நெற்றியில் ஒட்டிய முடிகூடத் தெளிவாக இருந்தது. பாதி முகம் அல்ல.

மங்கல் எதிர்காலத்தில் இல்லை. ஃபோகஸ் வேறு இடத்தில் இருந்தது.

டொண்டொன்தான் முதலில் சிரித்தான். சிரிப்பு தாங்காமல் சோபாவில் விழுந்தான். தலையணை கீழே போனது. மரிஃபே அவன் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ருவெல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது இரண்டும் பழுத்துப்போயிருந்தன. எல்லா ஷாட்டுக்கும் அர்த்தம் தெரிந்த ஜோவலினுக்கு, எங்கே பார்ப்பது என்று மட்டும் தெரியவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். அதிலும் அவன் தெரிந்தான்.

மரிஃபே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, மூணு பேர்ல நடுவுல நிக்கறவ முதல்ல போயிடுவான்னு சொல்லுவியே. இப்ப என்ன பண்றது?"

பாச்சிங் அத்தை புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ருவெலைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"போகட்டும், நல்ல இடமாத்தான் தெரியுது, ஆனா தம்பி, உங்க கல்யாணத்துக்கு மட்டும் வேற ஆளை வெச்சு வீடியோ எடு, நீ எடுத்தா மாப்பிள்ளையே படத்துல இருக்க மாட்டான்."